பாலையான குறிஞ்சி

மனித நாகரிகம் தன் கையாலேயே தன்னை மாய்த்துக்கொண்ட பிறகு எஞ்சி நிற்கும் இடிபாடுகளின் நடுவே ஒரு சிறுமியையோ, ஒரு நரியையோ, ஒரு பூனையையோ தனியே நடக்கவிட்டு, அந்தப் பிரயாணத்தின் வாயிலாக மண்ணையும் நீரையும் பற்றிய சில எண்ணங்களை ஆடுபவர் மனத்தில் விதைக்க முயலும் சின்னஞ்சிறு வீடியோ கேம்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கின்றன. நூறு மணி நேரத்தை விழுங்கியும் பசி தீராத பெரிய கேம்களுக்கு நேர் எதிராக, இவை ஒரு மாலைப்பொழுதிலோ இரண்டு மாலைகளிலோ முடிந்துவிடும். நாவலுக்கு எதிரே சிறுகதை நிற்பது போன்ற நிலை இவற்றுக்கு. கேம் என்ற சொல் காதில் விழுந்தவுடனே பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்த சனியன் என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மாறாததாலோ என்னவோ, நம்முடைய விமரிசகர்கள் இவற்றின் பக்கம் பார்வையைத் திருப்புவது அபூர்வமாயிருக்கிறது.

இவ்வகையைப் பரிசீலிப்பதற்கு ஓர் உரைகல் வேண்டும் என்று தேடினால், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. சாமையும் பலாவும் புளியும் தேனும் விளையும் அந்த மலையில், எந்தக் காலத்திலோ வாழ்ந்து மறைந்துபோன குள்ள மனிதர்களின் வீடுகள் என்று ஐதீகம் சொல்லப்படும் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. பிரளயத்துக்குப் பிந்திய மனிதர் முந்தியவரின் இடிபாட்டைப் பார்த்து வியக்கும் காட்சியை நம் மலைவாசிகள் கேம் எதுவும் ஆடாமலே காலங்காலமாகக் கண்டுவருகிறார்கள். அதே மலையின் காவலூரில், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், இருளையும் தெளிந்த வானத்தையும் நாடிச் சென்ற வானியலார் நிறுவிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1972 முதல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இயங்கிவருகின்றன. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்பதை உலகம் அறிந்துகொண்டபோது அதற்கு உதவிய நோக்கல்களுள் காவலூரினதும் ஒன்று. கற்திட்டையும் தொலைநோக்கிக் கூண்டும் ஒரே மலையில் நிற்கும் இந்த விசித்திரத்தை எந்தக் கேம் ஓவியன் கண்டாலும் விடமாட்டான்.

ஆயினும் மலையை நான் உரைகல்லாகக் கொள்வது இந்தச் சௌந்தரியத்துக்காக மட்டுமன்று, குறிஞ்சியாகிய மலை பாலையாகவும் திரியக்கூடும் என்பதற்காகவும்தான். பாலை என்பது தனக்கென ஒரு நிலம் உடையதன்று. வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, தம்மைச் சார்ந்தோரைத் துயருறுத்தும்போது கொள்ளும் கோலமே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இளங்கோவடிகள் வைத்திருக்கிறார். இதை இலக்கணக் குறிப்பாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதன் ஆழத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பாழ் என்பது ஓர் இடமன்று, ஓர் அவஸ்தை. அதற்கு ஒரு முந்திய நிலை உண்டு, திரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு, மழை பெய்தால் திரும்பும் வழியும் உண்டு. அழிவுலகத்தைக் காட்டும் கேம்களுள் எது சிறந்தது, எது வெறும் வேஷம் என்பதைத் தீர்மானிக்க எனக்கு இந்த ஒரு கேள்வியே போதுமானதாயிருக்கிறது: இந்தப் பாலை முன்பு எந்த நிலமாயிருந்தது என்பதை இந்தக் கேம் அறியுமா?

ஆதி கேம்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1988-இல் வந்த ‘வேஸ்ட்லேண்ட்’, 1997-இல் அதன் வாரிசாக வந்த ‘ஃபால்அவுட்’ ஆகியவை அணுயுத்தத்துக்குப் பின்னான அமெரிக்கப் பாலைவனத்தைக் காட்டின. அங்கே பாழ்நிலம் துப்பாக்கிச் சண்டைக்கு வசதியான மைதானம் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் அர்த்தப்படுவதில்லை என்று சொன்னால் அந்த ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இயற்கையை முன்வைத்து யோசித்த முயற்சி 1990-இல் மேக்ஸிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘சிம்எர்த்’. பூமி முழுவதையும் ஓர் உயிர்போலக் கருதிய ஜேம்ஸ் லவ்லாக்கின் சித்தாந்தத்தை அடிப்படையாக வைத்து வில் ரைட் சிருஷ்டித்த அந்தக் கேமில் கோள் ஒன்று முழுதும் நம் கையில் இருந்தது. ஆனால் கோள் கையில் இருப்பவனுக்கு ஓர் ஓடையின் கரையில் நிற்கும் அனுபவம் எப்படி வாய்க்கும்? எல்லாம் விளக்கப்படமும் வரைகோடுமாகப் போய்விட்டன.

சிறு வடிவம் தன் குரலைக் கண்டுகொண்டது 2012-இல் வந்த ‘ஜர்னி’யில் என்று பலரும் சொல்வார்கள், அதை மறுப்பதற்கில்லை. மணற்பரப்பில் அங்கி போர்த்த ஓர் உருவம் தூரத்து மலையை நோக்கி நடக்கிறது, வழியில் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் கதை சுவரோவியங்களில் எழுதப்பட்டிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் மலையுச்சி வந்துவிடுகிறது. வசனம் ஒன்றுகூட இல்லாமல் இதைச் செய்தது பெரிய காரியம். அதே குழுவில் கலை இயக்குநராயிருந்த மேட் நாவா பின்னர்த் தனி நிறுவனம் அமைத்து 2016-இல் கொண்டுவந்த ‘அப்சூ’ கடலின் அடியில் உயிர்களை மீட்டெடுப்பதைச் சொல்கிறது. மீன்கூட்டங்களின் அழகு கண்ணைப் பறிக்கிறது என்றாலும், எந்திரங்கள் ஏன் அந்தக் கடலை உறிஞ்சின என்ற கேள்விக்கு அது தரும் விடை புராணத்தின் மூட்டத்திலேயே நின்றுவிடுகிறது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் அப்பர்கட் கேம்ஸ் செய்த ‘சப்மெர்ஜ்ட்’ சற்று வேறு வகை. கடல் கொண்ட ஒரு மாநகரில், காயமுற்ற தம்பியைக் கிடத்திவிட்டு, படகில் சென்று, நீருக்கு மேலே தலைநீட்டும் கட்டடங்களில் ஏறி மருந்தும் உணவும் தேடும் அக்காளின் கதை அது. அங்கே அடிக்க எவனும் இல்லை, சாவும் இல்லை. கடல்கோளின் ஞாபகத்தை இலக்கிய மரபிலேயே சுமக்கும் நமக்கு அந்தக் களம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஏறுவதும் எடுப்பதும் திரும்புவதுமாக ஒரே காரியத்தை அது பலமுறை செய்யவைப்பதால் பாதிக்குமேல் ஆடுவதற்குப் பொறுமை வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் நான் நெடுநேரம் தங்க விரும்புவது 2018-இல் வந்த ‘ஃபார்: லோன் செயில்ஸ்’ என்ற கேமில்தான். சூரிச் கலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தொடங்கி, ஒகோமோட்டிவ் என்ற சிறு குழுவின் கையில் பூர்த்தியான அந்தக் கேமில், கடல் வற்றிப்போன ஓர் உலகத்தில், தரைதட்டிய கப்பல்களின் எலும்புக்கூடுகளுக்கு நடுவே, சிவப்பு உடை தரித்த ஒரு சிறு உருவம், பாதி ரயில் எஞ்சினும் பாதி பாய்மரக் கப்பலுமான ஒரு விநோத வாகனத்தை ஓட்டிக்கொண்டு கிழக்கு நோக்கிப் போவது போலத் திரையின் வலப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது. வழியில் கிடக்கும் பெட்டி, பீப்பாய், எதுவாயினும் பொறுக்கி உலைக்குள் போட்டால்தான் வண்டி நகரும். காற்று வீசும்போது பாயை விரித்துவிட்டால் எரிபொருள் மிஞ்சும். பிரசங்கம் எதுவும் இல்லாமல், எரிப்பதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று தரையையே பார்த்துக்கொண்டு நடக்கும் பழக்கத்தை ஆடுபவரிடம் உண்டாக்கி, காற்று வந்த மாத்திரத்தில் அவரை ஆசுவாசப்படவைத்து, எரிசக்தி என்ற விஷயத்தை அறிவுக்கு முன்னால் உடம்புக்கு உணர்த்திவிடுகிறது அந்தக் கேம். கடல் ஏன் வற்றியது என்று அது சொல்லாவிட்டாலும், அது கடலாயிருந்தது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் நினைவூட்டிக்கொண்டேயிருக்கிறது. என் கேள்விக்கு இதைவிட நேர்மையான விடையைத் தந்தவை சிலவே.

2022-ஆம் ஆண்டில் மிருகங்கள் கதாநாயகர்களாயின. பிரான்ஸின் மோன்பெல்லியேவில் ப்ளூட்வெல்வ் குழு செய்த ‘ஸ்ட்ரே’ பெரும் பிராபல்யம் அடைந்தது. மனிதரெல்லாம் மாண்டுபோய் எந்திர மனிதர்கள் மட்டும் வாழும் மூடிய நகரத்துக்குள் தவறி விழுந்த ஒரு பூனையின் வழியாக, குப்பையைத் தின்னட்டும் என்று மனிதன் உண்டாக்கிய நுண்ணுயிர்கள் காலப்போக்கில் எதையும் தின்னும் பிராணிகளாக மாறிவிட்டதை அது காட்டுகிறது. உபாயமே அபாயமாகும் இந்தக் கற்பனையில் விஷயஞானம் இருக்கிறது. ஆனால் பூனையின் நடையழகிலும் மியாவ் ஓசையிலும் உலகம் மயங்கிப்போனதால் அதைக் கவனித்தவர்கள் குறைவு. அதே ஆண்டில் பார்சிலோனாவின் ஹீரோபீட் குழு வெளியிட்ட ‘எண்ட்லிங்’ அந்த அளவுக்குக் கொஞ்ச முடியாத படைப்பு. கடைசித் தாய் நரி காட்டுத்தீயிலிருந்து தப்பிக் குட்டிகளை ஈன்று, இரவுதோறும் இரைதேடிப் புறப்படும்போது, நேற்று மரம் நின்ற இடத்தில் இன்று வெட்டிய அடிக்கட்டையும், மீன் கிடைத்த ஆற்றில் இன்று நுரையும் இருப்பதைக் காண்கிறது. மற்றக் கேம்கள் அழிவை ஒரு முடிந்துபோன சம்பவமாகக் காட்ட, இது அழிவை அன்றாட நடப்பாகக் காட்டியது. வருங்காலத்துக் கதை என்று சொல்லிக்கொண்டாலும் நிகழ்காலத்தின் நாட்குறிப்பாகவே அது அமைந்தது. இதற்கு அடுத்த ஆண்டில் அதே பார்சிலோனாவிலிருந்து வந்த ‘ஆஃப்டர் அஸ்’ மாண்டுபோன விலங்குகளின் ஆன்மாக்களைத் தேடும் கயா என்ற தேவதையைப் பற்றியது. கார்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் மலைமலையாகக் குவிந்திருக்கும் அதன் சித்திரங்களில் குறை சொல்ல முடியாவிட்டாலும், குற்றவாளி மனிதகுலம் முழுவதும் என்று அது விரலை நீட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏன் என்று கேட்பவர்களுக்கு ஜவ்வாது மலையின் சந்தனத்தைச் சுட்டிக்காட்டலாம். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன இந்த மலையின் மரங்கள் திருப்பத்தூரில் உள்ள அரசாங்கச் சந்தனக் கிடங்குக்கு முறையாகப் போனது போக, முறைகேடாகவும் வெட்டப்பட்டுக் குறைந்தன. மலையில் மரம் குறைந்ததும் வெட்டும் தொழிலில் கைதேர்ந்தவர்களைத் தரகர்கள் ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்கு அழைத்துப்போனார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் மாண்டார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையகத்தாரும் மலையடிவாரத்தாருமே அவர்களுள் மிகுதி. மரத்தை வாங்கியவன் எங்கோ இருக்கிறான், தரகன் எங்கோ இருக்கிறான், கோடரியைப் பிடித்த கூலிக்காரன் மட்டும் காட்டில் கிடக்கிறான் என்னும்போது, மனிதகுலமே குற்றவாளி என்ற தத்துவம் யாருக்குச் சௌகரியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மலையிலிருந்து வடக்கே இறங்கிப் பாலாற்றங்கரைக்கு வந்தால் அங்கேயும் அதே கதை வேறு வேஷத்தில். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவனே அதற்கான கிரயத்தைக் கொடுக்க வேண்டும் என்ற தத்துவத்தையும், தீங்கு நேரும் என்ற அச்சத்துக்கு இடமிருந்தால் நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற தத்துவத்தையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாகப் பிரகடனம் செய்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆனால் அங்கே தோல் தொழிலே பல்லாயிரம் குடும்பங்களின் சோறு. கேம்களில் வரும் தீய கம்பெனிக்கு உயரமான கோபுரமும் கறுப்புப் புகையும் இருக்கும், அதில் வேலைசெய்யும் ஒரு தொழிலாளியின் வீட்டு அடுப்பு மட்டும் இருக்காது.

இனி மீட்சியைப் பேசும் கேம்களுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் குழு 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘டெரா நில்’ சாகச வகையைச் சேர்ந்ததன்று என்றாலும் அதை விட்டுவிட்டு இந்தத் துறையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. நகரம் கட்டும் கேம்களின் சம்பிரதாயத்தைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு, வறண்டு விஷமேறிய மண்ணைச் சுத்திகரித்து, நீர்பாய்ச்சி, புல்லும் சதுப்பும் காடும் உண்டாக்கி, மிருகங்கள் வந்து குடியேறியதும், அதுவரை நிறுவிய எந்திரங்களையெல்லாம் ஒன்று விடாமல் பிரித்தெடுத்துக்கொண்டு ஆகாயக் கப்பலில் ஏறிப் போய்விடச் சொல்கிறது அது. காடு வளர்வதற்குச் சாம்பல் வேண்டுமென்று புல்வெளியைக் கட்டுக்குள் எரிக்கவும் சொல்கிறது. கொல்லையெரித்துத் தினை விதைத்த குறிஞ்சிப் புனத்தைச் சங்கப் பாட்டுகளில் கண்டவர்களுக்கும், 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் முதலாக மலைவாசியின் நெருப்பைக் குற்றமாகவே பார்த்துவந்த அரசாங்க மனோபாவத்தை அறிந்தவர்களுக்கும் இந்த ஓர் அம்சம் மிக ருசிகரமாயிருக்கும்.

ஆயினும் அங்கே மனிதனே கிடையாது. மீட்ட நிலத்தில் மான் இருக்கிறது, கரடி இருக்கிறது, அந்த நிலத்தில் சாமை விதைக்கிறவனுக்கு இடமில்லை. மனிதன் போய்விட்டால் காடு பிழைக்கும் என்ற இந்த எண்ணம், மலைவாசிகளைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவைத்து, 2006-இல் வன உரிமைச் சட்டம் வரும்வரை அவர்கள் உழுத நிலத்துக்கே அவர்களை ஆக்கிரமிப்பாளராக்கிய எண்ணத்தின் தூரத்து உறவு. ஜவ்வாது மலையில் பிறந்து சமவெளிக்கு வரும் நாகநதியை மீட்ட முயற்சியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நீரோட்டம் அற்றுப்போன அந்த ஆற்றின் வழியில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்படி சிமெண்டு உறைகளை இறக்கி நீர்செறிவுக் கிணறுகளைத் தோண்டியவர்கள் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமத்துப் பெண்கள். நூறு நாள் வேலைக்கு வந்து மண் சுமந்தவர்கள். நிலத்தடி நீர் உயர்ந்தபின் அவர்கள் எந்த ஆகாயக் கப்பலிலும் ஏறிப் போகவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும் பாய்ச்சுகிறவர்களும் அவர்களேதான். மீட்பவரும் அனுபவிப்பவரும் ஒருவராயிருக்கும் ஒரு கேமை நான் இதுவரை ஆடியதில்லை.

கதை சொல்லும் முறைக்கும் நாம் வெளியே போய்த் தேடவேண்டிய நிலையில் இல்லை. இந்த மலையின் அடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், முன்னே போய்ப் பரிசில் பெற்றுவந்த கூத்தன் பின்னே வரும் கூத்தருக்கு வழிசொல்லும் 583 அடிகளைக் கொண்டது. பன்றிக்குப் பொறி வைத்த இடம், பாம்பு உறையும் புற்று, கால் வழுக்கும் பாறை, புனங்காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறியும் வழி, இரவு தங்கினால் தினைச்சோறு கிடைக்கும் சிறுகுடி, சேயாற்றின் கரையோடு நடக்க வேண்டிய தூரம் என்று அடுக்கிக்கொண்டு போகும் அதன் அமைப்பு இன்றைய சாகசக் கேம் ஒன்றின் திட்டவரைவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. பாடலின் சேயாறு இன்று செய்யாறு என்ற பெயரோடு ஜவ்வாது மலையிலிருந்தே இறங்கி வருகிறது. அந்தப் பழைய வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய மலையில் நடக்கிற ஒருத்தியைக் கதாநாயகியாக்கினால், சொல்லியபடி எது இருக்கிறது, எது இல்லை என்பதே கதையாகிவிடும். பாலையாவதற்கு முன் அது எந்த நிலமாயிருந்தது என்ற சாட்சியம் இத்தனை விரிவாகக் கிடைத்திருக்கும் இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

இத்தகைய காரியம் வேறு இடத்தில் நடந்தேறியிருக்கிறது. அலாஸ்காவின் பூர்வகுடி மன்றம் ஒன்று சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்தின் மூலம் 2014-இல் வந்த ‘நெவர் அலோன்’, ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடிப் போகும் நூனா என்ற சிறுமியும் அவளுடைய வெண்ணரியும் பற்றிய இனுபியாக் மக்களின் வாய்மொழிக் கதை. முதியவர்களும் கதைசொல்லிகளுமாக ஏறத்தாழ 40 பேரின் துணையோடு, இனுபியாக் மொழியிலேயே கதை சொல்லப்பட்டது. இடையிடையே அம்மக்களே தங்கள் பனியையும் வேட்டையையும் பற்றிப் பேசும் சிறு ஆவணப்படங்கள் திறக்கும். ஆட்டம் என்ற முறையில் அது சில இடங்களில் தடுமாறுகிறது, தாவும் இடத்தில் தாவ முடியாமல் எரிச்சல் வருகிறது, இருந்தும் எவருடைய மலை, எவருடைய வாய் என்ற கேள்வியை அது சரியாகத் தீர்த்துவைத்திருக்கிறது.

நம் நாட்டில், புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ புராணத்தையும் அரண்மனையையும் கண்குளிரக் காட்டியது. குஜராத்தின் ஸ்டூடியோ ஓலியோமிங்கஸ் காலனி ஆதிக்கத்தின் வரலாற்றை விநோதமான சிறு கேம்களாக எழுதிவருகிறது. தமிழைப் பொறுத்தவரை 2023-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் கொண்டுவந்த ‘வெண்பா’வே திருப்புமுனை. புலம்பெயர்ந்த ஒரு தாயின் சமையலறையையே முக்கியக் களமாகக் கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் கேம், 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்குத் தரும் விருதைப் பெற்றது. சுற்றுச்சூழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இட்லியும் புட்டும் அழிவுலகச் சரக்குகள் அல்ல. ஆனால் சிறிய குழு, குறுகிய கேம், தமிழ் வாழ்க்கையின் நுட்பமான விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உலகம் நின்று பார்க்கும் என்பதை அது நிலைநாட்டிவிட்டதால், ஜவ்வாது மலையைப் பற்றிய ஒரு கேம் என்ற எண்ணம் பகற்கனவாக இனித் தள்ளப்பட வேண்டியதில்லை. அது செல்போனில் ஓடவேண்டும் என்பது மட்டும் நிச்சயம். மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு நானூறு வாட் மின்சாரம் குடிக்கும் எந்திரத்தில் மட்டுமே ஓடும் ஒரு பசுமைக் கேமை யாரும் கூச்சமில்லாமல் நீட்ட முடியாது.

அப்படி ஒன்றைச் செய்யப் புகுவோருக்கு முதலில் எதிர்ப்படும் சங்கடம் ஒரு தேதியைப் பற்றியதாயிருக்கும். ‘ஃபால்அவுட்’ உலகில் அழிவுக்கு 2077 அக்டோபர் 23 என்று நாள் குறித்திருக்கிறார்கள். குண்டு விழுந்தது, உலகம் போயிற்று. ஜவ்வாது மலைக்கு அந்த மாதிரி ஒரு நாள் கிடையாது. வனச்சட்டம் வந்த ஆண்டிலிருந்து எண்ணுவதா, கடைசிச் சந்தனமரம் எந்த ஓடையோரம் சாய்ந்ததோ அதிலிருந்தா, நாகநதி முதன்முதலாகத் தை மாதத்திலேயே வற்றிய ஆண்டிலிருந்தா என்பதை மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் சந்தைக்குச் சாமை கொண்டுவரும் கிழவியையும், காவலூரில் ஆண்டுக்காண்டு அடிவானத்து மின்வெளிச்சம் ஏறிவருவதைப் பார்க்கும் வானியலாரையும், ஆம்பூரில் தோல் ஷெட்டுக்குப் போகிற தொழிலாளியையும் தனித்தனியே கேட்டால் தனித்தனி விடைதான் வரும். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் கேம், எத்தனை அழகாயிருந்தாலும், ‘ஆஃப்டர் அஸ்’ போன இடத்துக்கே போய்ச் சேரும்.